செம்புத் தலை

— தொடைக்க வேணாம் தம்பி. அறுவது வருசத்துச் சந்தனம் அது. எங்க தாத்தா பூசினதுக்கு மேலதான் நாங்க பூசிக்கிட்டு வாரோம்.

— கழுத்துக்கிட்ட ஒரு வெரல் அகலம் போதும் விமலாக்கா. அங்கதான் நம்பர் அடிச்சிருப்பாங்க.

— முனியாண்டி ஐயாவுக்கு என்னா நம்பர்? லோரியா அவரு?

— கோவிச்சுக்காதீங்க. இது தண்ணிக்கடியில எறங்குறவன் தலையில மாட்டுற செம்புத் தொப்பி. நேவியில பதினெட்டு வருசம் முக்குளிச்சவன் நான், பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு. இந்த மூனு கண்ணும் கண்ணாடி ஜன்னல்.

— மூனு கண்ணு இருந்ததாலதானே தாத்தா கும்புட்டாரு. சப்பான்காரன் போன பொறவு, ஈயம் தோண்டுன குட்டையில தண்ணி வத்துனப்ப சேத்துலேர்ந்து பார்த்துக்கிட்டு இருந்திச்சாம். தோளுல தூக்கிட்டு வந்து இந்த ரப்பர் மரத்தடியில வச்சாரு. ஆமா, நீயும் இத மாட்டிக்கிட்டுத்தான் எறங்குனியா?

— இல்லக்கா, நாங்கள்லாம் முதுகுல காத்து கட்டிக்கிட்டுப் போனவங்க. இத மாட்டுனவனுக்கு மேலேர்ந்து ரெண்டு பேரு சக்கரம் சுத்திக் காத்து அனுப்பணும். கை ஓஞ்சா கீழ இருக்கறவன் போயிருவான். முன்னாடி கண்ணாடியக் கடைசியாத்தான் மூடுவாங்க. மூடுறவன் மொகத்தப் பார்த்துக்கிட்டே எறங்குவான். அத நெனச்சா எனக்கு இப்பவும் ஒடம்பு சிலுத்துக்கும்.

— யாரு தலையில இருந்துச்சோ.

— தெரியாது. ஆனா இதோட கீழ்ப்பாதி சிலிபின்ல என் வீட்டுல இருக்கு. லகாட் ஊருல பழைய இரும்புக் கடையில கெடச்சிச்சு. ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான் அடிப்பாங்க. பன்னெண்டு வருசமா மேல்பாதியத் தேடுறேன்க்கா. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் வரைக்கும் போயிட்டேன்.

— கடைசில சுங்கை சிப்புட் தோட்டத்துக்கு வந்து நிக்கிறே.

— தோட்டத்தத்தான் வித்தாச்சே. வெள்ளிக்கெழம கோயில புது தாமான் குடியிருப்புக்கு மாத்துறீங்க, புது சிமெண்டு சிலையும் வருதுன்னு சொன்னாங்க. அதான் கேக்க வந்தேன். கார்ல மெத்தை விரிச்சு வச்சிருக்கேன். ஒரு கீறல் விழாம கொண்டு போவேன்.

— கோயில் கமிட்டி ஆயிரம் சொல்லும் லா. புது சிலை வந்தாலும் எனக்கு ஐயா இவருதான்.

— அப்ப அவருக்கிட்டயே விட்ருவோம். வேற நம்பரா இருந்தா கும்புட்டுட்டுப் போயிர்றேன், திரும்ப வரமாட்டேன்.

— அதே நம்பரா இருந்தா?

— குடுத்திருங்க.

— சரி. ஐயா முடிவு பண்ணட்டும். தள்ளு, நான் தொடைக்கிறேன். வேற கை படக்கூடாது. ஒன் நம்பர மொதல்ல சொல்லு.

— மூனு, கோசோங், ஒம்பது, ஏழு.

— மூனு இருக்கு. முட்டை மாதிரி ஒன்னு, கோசோங்தான். ஒம்பது… தம்பி, கடைசி நம்பர் எனக்குச் சரியாத் தெரியல. நீயே பாரு.

— ஏழு.

— ஏழா?

— ஏழுக்கா. கடவுளே… அதே நம்பர்.

— அழாத. சொன்ன சொல்லு சொல்லுதான். தூக்கிக்க. இந்தா, இந்தப் பெட்டியையும் எடுத்துக்க, அவரு சொத்து. இனிமே நான் யாருக்குப் போத்துவேன்?

— என்னாக்கா இது, பெட்டி நெறைய செவப்புத் துண்டு?

— வருசத்துக்கு ஒன்னு. திருவிழாவுல எங்கப்பா மேல ஐயா எறங்குவாரு, இப்ப என் தம்பி தர்மேந்திரன் மேல. யாரு மேல வந்தாலும் கேக்குறது ஒன்னுதான். “என் தோளு எங்கடா, என் தோளு எங்கடா”ன்னு அழுவாரு. தோளுல போட புதுத் துண்டு கேக்குறாருன்னு வாங்கிப் போத்துவோம். அடுத்த வருசம் மறுபடியும் அதே அழுகை. என்னா கொற வச்சோம்னே தெரியல.

— தோளா கேட்டாரு?

— ஏன் தம்பி கைய எடுத்துட்டே? ஐயாவத் தூக்கலயா?

— அக்கா, என் வீட்டுல இருக்குற கீழ்ப்பாதி கழுத்துலேர்ந்து நெஞ்சு வரைக்கும் வரும். வெளக்கு ஏத்தி வைங்க, அந்த மெத்தையில ஐயாவோட தோளக் கொண்டாந்திர்றேன்.