இரண்டு ஆண்டுத் தடை

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

உங்கள் லீக் மீது எனக்குக் கோபமில்லை. கொன்சுவேலோ மாதிரி ஒரு சிற்றூரில் பையன்களுக்குப் பந்து எறியக் கற்றுத்தரும் ஒருவனிடம் கேள்வி கேட்க நியூயார்க்கிலிருந்து ஆள் அனுப்புகிறார்கள் என்றால் பொறுப்பான அமைப்புதான்.

பதினாறு வயது ஆகாத பையனோடு எந்த பேஸ்பால் கிளப்பும் பேரம் பேசக்கூடாது என்பது உங்கள் விதி. இங்கே பதின்மூன்றிலேயே, பதினாறானதும் பெருந்தொகை தந்து எடுக்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிடுவார்கள். காகிதம் கிடையாது, கைகுலுக்கல்தான். என்னிடம் பயிற்சி பெற்ற யோயல்வின் பத்துப் பந்து எறிந்ததைப் பார்த்துவிட்டு, கிளப்பின் ஆள் லிசார்டோ என் கையைப் பிடித்தார். அந்த வாரமே பையனின் அம்மா மிரேயா தகரக் கூரையைப் பிரித்துவிட்டு, மாடி எடுக்கக் கம்பி இறக்கினாள்.

அவனுக்குப் பதினாறு முடியச் சில வாரம் இருக்கும்போது கிளப்பைப் பிடித்தீர்கள். வேறு பையன்கள் விஷயத்தில். அபராதம் போட்டீர்கள், ஆடாமல் பெஞ்சில் உட்காருகிற ஒருவனுக்கு அவர்கள் தரும் சம்பளம் அது. அமெரிக்க மேலாளருக்கு ஓராண்டு விலக்கு. அவர் அந்த ஆண்டு முழுக்க மீன் பிடித்தாராம். இரண்டு ஆண்டுகளுக்கு அந்தக் கிளப் இங்கே பெரிய தொகை கொடுத்துப் பையன் யாரையும் எடுக்கக்கூடாது என்றீர்கள். கடுமையான தண்டனை என்று பத்திரிகைகள் எழுதின. வாக்குப் பெற்றவன் அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன செய்வான் என்று யாரும் எழுதவில்லை.

லிசார்டோ வந்தார். மரியாதைக்கு இங்கே எல்லோரும் என்னை டான் என்றுதான் கூப்பிடுவார்கள். "டான் ஃபெர்மின், பையன யார் கண்ணுலயும் காட்டாதீங்க. தடை முடிஞ்சதும் நாங்கதான் எடுக்கறோம்."

"தொண்ணூத்திநாலு மைல் வேகத்துல எறியறவன எங்க ஒளிச்சு வைக்கிறது? கட்டிலுக்கு அடியிலயா?"

"அது உங்க சாமர்த்தியம்."

பதினாறு முடிந்த வாரமே இன்னொரு கிளப்புக்காரர் வியாழக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். மிரேயா மைதானத்துக்கே வந்துவிட்டாள்.

"அவங்க எடுத்தா எடுத்துட்டுப் போகட்டுமே, டான். ரெண்டு வருஷம் எம்புள்ள கைய கட்டிட்டு உக்காரணுமா?"

"வாக்குக் குடுத்திருக்கோம், மிரேயா."

"வாக்குக் குடுத்தது நீங்க. பந்து எறியறது அவன்."

அவளுக்கு இந்தத் தொழில் தெரியாது. ஒருவரிடம் வாக்குத் தவறினால் என் மைதானத்துக்கு வேறு எவரும் வரமாட்டார். நான் நிதானமாக யோசித்தேன். அடிபட்ட பையனை எந்தக் கிளப்பும் திரும்பிப் பார்க்காது. இளம் எலும்பு நான்கு மாதத்தில் கூடிவிடும். தடை முடிய அதற்கு மேலும் ஏறக்குறைய இருபது மாதம் இருந்தது.

புதன்கிழமை, பயிற்சிக்கூடத்து இரும்புக் கதவில் அவன் வலக்கை நசுங்கியது. முழங்கைக்குக் கீழே, இரண்டு இடத்தில். அந்த வலியிலும் என்னைப் பார்த்து, "உங்க மேல தப்பில்ல டான், நான்தான் கவனிக்கல" என்றான். மரியாதை தெரிந்த பையன். சான் பெத்ரோ மருத்துவமனைக்கு நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். வியாழக்கிழமை வந்தவர் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு ஒரு காப்பி குடித்துப் போனார்.

எலும்பு கூடியது, ஆனால் கோணலாக. தடை முடிந்ததும் லிசார்டோ ஐந்து பந்து எறியச் சொன்னார். வேகம் அளக்கும் கருவியைப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார். வாக்கை நினைவூட்டினேன்.

"என்ன வாக்கு, டான்? எங்க எழுதியிருக்கு?"

யோயல்வின் இப்போது வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். கைப்பிடியை முழுக்கத் திருக வராததால் மெதுவாகப் போகிறான். வயதானவர்கள் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். மிரேயா வீட்டுக் கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன. அவள் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறாள். கூச்சம்.

நான் விதியை மீறினேனா என்று கேட்கிறீர்கள். கிளப் மீறியது, லிசார்டோ மீறினார். இத்தனை பேரில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன் நான் ஒருவன்தான். கதவைச் சாத்தியது நான்தான். அவன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் சாத்தினேன். உங்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டுங்கள். கிளப்புகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். ஒரு பையனின் கையைப் பற்றி அதில் ஒரு வரி காட்டுங்கள், விதியை மீறினேன் என்று உங்கள் தாளில் கையெழுத்துப் போடுகிறேன்.