தம்பிதுரை அண்ணன் எழுதாமல் விட்ட கடைசிக் காட்சி

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நாடக மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பிதுரை அண்ணனின் துணைவியார், அண்ணியார் குழந்தையம்மாள் அவர்களே, பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்திருக்கும் தொலைபேசி நிலையத் தோழர்களே, வணக்கம்.

பொற்கொடியா மைக் முன்னால் நிற்கிறாள் என்று சிலர் வியப்பீர்கள். நானும் வியக்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து வெளியூர் டிரங்கால் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவர், நம் நாடக ஆசிரியர் தம்பிதுரை அண்ணன். அவருக்கு நான் நன்றி சொல்லாவிட்டால் யார் சொல்வது?

அவர் பாத்திரங்களை எங்கே பிடித்தார்? புத்தகத்திலா? இல்லை! காதில் மாட்டிய ஹெட்போனில் பிடித்தார். லைன் கிடைக்கத் தாமதமானால் மனிதர்கள் நான்கு வகை என்பார். அதட்டுகிறவர், கெஞ்சுகிறவர், நம்மிடமே கதை பேசுகிறவர், காத்திருப்பவர். வீணான டிரங்கால் சீட்டின் பின்புறம் பெயரையும் வகையையும் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். பம்பாய்க்குப் பேச தினமும் நம்மை அதட்டும் கிணத்துக்கடவு தேங்காய் வியாபாரி மாரப்பன், அடுத்த நாடகத்தில் மாமனாராக வந்து நிற்பார். நாம் விழுந்து விழுந்து சிரிப்போம்.

மூன்றாண்டுக்கு முன் ஓய்வறையில் ஒரு புதிய நாடகத்தை வாசித்தார். அதில் செவ்வந்தி என்றொரு பெண். மேற்பார்வையாளர் தேர்வுக்கு ஆண்டுதோறும் விண்ணப்பம் வாங்கி, பூர்த்தி செய்து, கைப்பையிலேயே வைத்திருப்பாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. என் கைப்பையிலும் அப்போது ஒரு விண்ணப்பம் இருந்தது.

"ஏனுங்ணா, என்னையத்தானுங்க எழுதியிருக்கீங்க?"

"உங்களைய இல்லீங்க அம்மணி, வகையத்தான் எழுதினேன். காத்திருக்கிற வகை."

"ஏன் காத்திருக்கறேன்னு ஒருநாளாச்சும் கேட்டீங்களா?"

கூட வேலை பார்க்கும் கோமளா விடுவாளா? "அட, பொற்கொடிக்குக் கோவமெல்லாம் வருமுங்களா! டப்பாவுல அஞ்சாவது வகை போட்டுருங்ணா!"

அண்ணன் சிரிக்கவில்லை. "தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. இப்பக் கேக்கறேன், சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். தேர்ச்சி பெற்றால் வெளியூருக்கு மாற்றல் வரும். நடக்க முடியாத அம்மாவை யார் பார்ப்பது? சாப்பாட்டு இடைவேளை முழுக்கக் கேட்டார். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

மறுவாரம் நாடகத்தைத் திருத்தி மீண்டும் வாசித்தார். அதே செவ்வந்தி, அதே கைப்பை. யாரும் சிரிக்கவில்லை. கடைசிக் காட்சியில் அவள் அதிகாரி முன் போய் நின்று, "உள்ளூரிலேயே பணி தர முடியுங்களா?" என்று கேட்டாள். அப்படிக் கேட்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லையே! நானும் போய்க் கேட்டேன். தேர்வும் எழுதினேன். இன்று இதே ஊரில் மேற்பார்வையாளர் நாற்காலியில் இருக்கிறேன்.

"வகை வாசல்தானுங்க அம்மணி, ஊடு உள்ள இருக்குது" என்று அதன்பின் அடிக்கடி சொல்வார்.

அண்ணன் எழுதிக்கொண்டிருந்த தை மாத நாடகத்தைக் கைவிடலாம் என்று நம்மில் சிலர் பேசிக்கொள்கிறோம். கடைசிக் காட்சியை எழுதுமுன்பே அவர் இதயம் நின்றுவிட்டது. உண்மைதான். ஆனால் நேற்று அண்ணியார் அந்த டப்பாவை என்னிடம் கொடுத்தார். இந்த நாடகத்துக்கு அண்ணன் நாயகனாக்கிய அதே தேங்காய் வியாபாரி மாரப்பனின் சீட்டைத் தேடி எடுத்தேன். 'அதட்டுகிறவர்' என்பது கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. கீழே அண்ணன் கையெழுத்தில் ஒரு வரி: 'ஏன்? நேரில் போய்க் கேட்க வேண்டும்.'

அண்ணா! உங்களால் போக முடியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பொள்ளாச்சி பஸ்ஸில் கிணத்துக்கடவுக்கு நான் போகிறேன். அவர் முதலில் அதட்டுவார். அதட்டட்டும். சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். தை மாதம் திரை விலகும்.