ஒன்றும் வராத போன்

வாழவந்தி நாட்டுக்கு மலையேறும் பஸ்ஸில், மடியில் லேப்டாப்புடன் இருந்த பெண் பக்கத்து சீட்டு மிளகு விவசாயியிடம் அவருடைய போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மழை எச்சரிக்கை ஆப்பை மூணாவது வாட்டியா எழுதி ஏத்தியிருக்கேனுங்க. ஒண்ணும் வரலைன்னாத்தான் செயிச்ச மாதிரி."

"வராததுக்கு எதுக்கு கண்ணு புரோகிராம்?"

"முந்தி எச்சரிக்கை பாக்கறப்பல்லாம் பழைய சேதியவும் சேத்து இழுத்துச்சுங்க. இந்த டவர்ல பாதியில நின்னுருச்சு. இனி 'புதுசு இருக்கா'ன்னு கேக்கும். இருந்தா மட்டும் இறக்கும்."

"அது நின்னுதான் போன வாரம் காயப்போட்ட மிளகு பூராம் நனைஞ்சுது."

"அதனாலதானுங்க, சரியாகாம விடமாட்டேன்."

கொண்டை ஊசி வளைவில் சிக்னல் ஒரு கோடு காட்டியது. அவர் ஆப்பை அழுத்தினார். 'புதிய எச்சரிக்கை இல்லை' என்று உடனே வந்தது.

அதே போனில் வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"மிளகை வெளிய காயப்போடு சாமி."