பரந்தாமன் சாரின் வக்கீல்

கோர்ட்டுக்கு எதிர்க் கடையில் டீ சுமார்தான். ஆனால் சர்க்கரை கம்மி என்றால் கம்மியாகவே போடுவார் கடைக்காரர். சொன்னதைக் கேட்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

வக்கீல் ஆவதற்கு முன்னால் நான் துடுப்புப் படகு வீராங்கனை. தேசியப் போட்டியில் இரண்டு தடவை தங்கம். கள்ளிக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் பேனரே கட்டினார்கள். எல்லாம் பயிற்சியாளர் பரந்தாமன் சார் போட்ட பிச்சை என்பார்கள். துடுப்பை இழுத்தது யார் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

ஆசியப் போட்டிக்கு ஆள் எடுத்த அன்று என் தோள் வீங்கியிருந்தது. முடியுமா என்று தேர்வுக்குழு என்னைத்தான் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார்.

"அவளால முடியாது சார். வுட்டா கையே பூடும்."

என் இடத்தில் கூடப் பயிற்சி எடுத்த ரேஷ்மா உட்கார்ந்தாள். டாக்டரும் சார் சொன்னதையேதான் சொன்னார். சொல்லட்டுமே. கை என்னுடையது, அதை முறித்துக்கொள்கிற உரிமையும் என்னுடையது. அதற்குப் பிறகு நான் படகில் ஏறவில்லை, சட்டம் படித்தேன்.

போன வருஷம் வெள்ளானூர்ப் பக்கம் ஏரியில் அவருடைய மாணவன் ஒருவன் படகு கவிழ்ந்து இறந்தான். சார் மேல் கவனக்குறைவு வழக்கு. ஊரில் இத்தனை வக்கீல்கள் இருக்க என்னிடமே வந்தார்.

"நீ கீறப்போ எனக்கு இன்னாம்மா கவலை?"

காற்று சரியில்லை என்று அன்றைக்குப் படகுக் கொட்டகையைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தார் அவர். பூட்டை உடைத்தது இறந்துபோனவன். அதைப் பார்த்த ஒரே ஆள் வாட்ச்மேன் ஜெகன். சாட்சி சொல்ல இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். "உங்க சாட்சி தேவைப்படாதுண்ணே, கேஸ் நம்ம பக்கம்தான் கீது. ஊட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவைத்தேன். கொட்டகை திறந்தே கிடந்தது என்று போலீஸ் தரப்பு சாட்சி சொன்னபோது, நீதிபதி என்னைப் பார்த்தார். குறுக்கு விசாரணை இல்லை என்றேன். அதுதான் உத்தி என்று சாரிடம் சொன்னேன். நம்பினார்.

இரண்டு வருஷம் தண்டனை. அப்பீல் போடும்வரை ஜாமீன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதைப் பழிவாங்கல் என்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது. அவரிடம் நான் குரலைக்கூட உயர்த்தியதில்லை.

போன வாரம் ஜெயிலில் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். "நீ இன்னாம்மா பண்ணுவே, எல்லாம் என் நேரம். சாப்ட்டியா?" என்றார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அப்பீலையும் நானே நடத்துகிறேன். பாவம், என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?