கடைசித் துளை

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், ஆனால் விழாது, தைரியமாக உட்காருங்கள். நான் நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் எனக்குக் கை கால் சும்மா இருப்பதில்லை. சில மாதமாகவே அப்படித்தான்.

உங்களுக்கு முன்னால் இன்சூரன்ஸிலிருந்து வந்தவர் ஒவ்வொரு நட்டையும் திருகிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருக்கிறது, வண்டியில் கோளாறு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். உண்மைதான். இந்தப் பட்டறையிலிருந்து ஒரு வண்டியும் லூசான நட்டோடு வெளியே போனதில்லை. விபத்தை விசாரிக்க வந்த நீங்கள்தான் தரையில் படுத்து, பின்பக்கக் கம்பி எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று பார்த்தீர்கள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஏன் என்று கேட்டீர்கள். இவ்வளவு தூரம் பார்த்தவருக்குப் பதில் சொல்வதுதான் மரியாதை.

வண்டி என் தங்கை புருஷனுடையது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். இப்படிப்பட்டவருக்குக் கார் பைத்தியம் எங்கிருந்து ஒட்டியதோ, சிவப்பில் ஒரு குட்டிக் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பார்க்க பொம்மை மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது ராட்சச எஞ்சின். நேர்ச்சாலையில் பறக்கும். வளைவு வந்தால் அதற்குப் பிடிக்காது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு நேராகவே போகப் பார்க்கும், உடம்பு ஒரு பக்கமாகச் சாயும்.

"வளைவுல வயித்தக் கலக்குது மச்சான். ஏதாவது பண்ணுங்களேன்" என்றார்.

பண்ணினேன். நன்றாகவே பண்ணினேன், அதில் சந்தேகம் வேண்டாம். குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போட்டேன். அதற்குத் தோதான ஷாக் அப்சார்பர் மாட்டினேன். நைந்த ரப்பர்களை எல்லாம் மாற்றினேன். கடைசியாக, பின்சக்கரங்கள் இரண்டையும் பிணைத்து வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும் அந்தக் கம்பி. பழையதைக் கழற்றிவிட்டுத் தடிமனான ஒன்றைப் போட்டேன். அதன் முனையில் மூன்று துளைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். முதல் துளை நம்மைப் போல ரோட்டில் போகிறவர்களுக்கு. கடைசித் துளை பந்தயக்காரர்களுக்கு. அதில் மாட்டினால் பின்பக்கம் விறைத்துவிடும், வண்டி கத்தி மாதிரி திரும்பும். ஆனால் ஈரச் சாலையில், வளைவின் நடுவே, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு சுழன்றுவிடும். பயப்படாதவனுக்கு அது நல்ல துளை.

நான் முதல் துளையில்தான் மாட்டிக் கொடுத்தேன்.

அன்று குன்றுச் சாலையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். "தண்டவாளத்துல போற மாதிரி போகுது மச்சான்" என்று குழந்தை மாதிரி சிரித்தார். நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் பழக்கம். வளைவின் நடுவில் கல் சுவர் கண்ணில் படும் இடத்தில், ஒவ்வொரு முறையும் அவர் கால் பெடலை விட்டுத் துள்ளி எழுந்தது. பயந்தவர்கள் செய்வதுதான். வண்டி அதைப் பொறுத்துக்கொண்டது.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பாவும் போனபோது அவள் பால் பல்லோடு இருந்தாள். தலை வாரிவிட்டதிலிருந்து பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது வரை எல்லாம் நான்தான். இன்றைக்கும் அவள் எனக்குப் பாப்பாதான். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. நேரம் எங்கே இருந்தது? அவளை இரண்டு தெரு தள்ளித்தான் கட்டிக்கொடுத்தேன். சாயங்காலமானால் சாப்பாட்டுத் தூக்கோடு வந்துவிடுவாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் தூக்கைத் திறந்துகொண்டே சொன்னாள்: "அண்ணா, நாங்க ஊர் மாறப் போறோம். துறைமுகத்துப் பக்கம் அவருக்குப் பெரிய கடையா அமைஞ்சிருக்கு."

"அவ்வளவு தூரம் எதுக்கு?"

"ஒரு நாள் பயணம்தானே அண்ணா. நீயும் வந்து இரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குறை சொல்லத் தெரியாத பெண் அவள். ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஈரத் துண்டு கட்டில்மேல் கிடந்தது. மாப்பிள்ளை போட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் காயப்போட்டாள். நானே கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் நான் இருக்கும்போதே இப்படி என்றால், கண்காணாத ஊரில் அவள் என்ன பாடு படுவாள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

பிறகு மாப்பிள்ளைக்கு போன் செய்தேன். வண்டி கொஞ்சம் ஓடியதும் புது ஸ்பிரிங் அமுங்கிப் படியும், ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்றேன். அது பொய்யும் இல்லை. கடையை மூடிவிட்டு ஓடி வந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தியதும், நான் கேட்காமலே விளக்கை எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் காட்டுங்க மாப்பிள்ளை."

"என்ன மச்சான் மாத்தறீங்க?"

"பின்பக்கம் இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும்னு பாக்கறேன்."

"நீங்க சொன்னா சரி" என்றார். விளக்கு ஆடாமல்தான் இருந்தது. கழற்றி, கடைசித் துளையில் மாட்டி, முறுக்க வேண்டிய அளவுக்கு முறுக்கினேன். கேட்டீர்கள் இல்லையா? தெரிந்துதான் மாட்டினேன். அவர் கால் என்ன செய்யும் என்பதும் தெரியும், மழை பெய்தால் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்பதும் தெரியும்.

அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் கஷ்டமானவை. வானம் வெளுத்தே கிடந்தது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பேன். ஒரு மேகம் வரும், போய்விடும். ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று மறந்துபோகும். பக்கத்துக் கடைக்காரர், "என்ன, விவசாயம் ஏதாவது ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேலி செய்தார். அங்கே தங்கை பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

ஒரு மத்தியானம் பெய்தது. தகரக் கூரையில் முதல் சத்தம் கேட்டதும் எனக்கு மூச்சு சீராக வந்தது. ஒரு வண்டியின் பிரேக்கை முழுசாகப் பிரித்துப் பூட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆனால் போனில் பேசியது, நான் எதிர்பார்த்தபடி தங்கை இல்லை. யாரோ ஒரு நர்ஸ், அடிபட்டு வந்திருப்பவள் என்று என் தங்கையின் பெயரைச் சொன்னார்.

அவள் அந்தச் சாலைக்குப் போகமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தால் குமட்டாது என்று மாப்பிள்ளைதான் கண்டுபிடித்தாராம். புது ஊரில் அவளே எங்கேயும் போய்வர வேண்டும் என்று, என்னிடம் சொல்லாமல் பழக்கியிருக்கிறார். ஓட்டக் கற்றுக்கொடுத்தது என்னவோ நான்தான், கல்யாணத்துக்கு முன்னால், இந்தப் பட்டறையின் பழைய வண்டியில். பயமாக இருந்தால் முதலில் காலை எடு என்று சொல்லியிருந்தேன். எந்த வண்டிக்கும் அது சரியான பாடம்தான்.

அவள் காலை எடுத்திருக்கிறாள். வண்டி சுழன்று, மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த பக்கம் சுவரில் மோதியது. அவர் அங்கேயே போய்விட்டார். அவளுக்குத் தோள்பட்டை எலும்பில் விரிசல் விட்டதோடு சரி. அதைக் கேட்டபோது நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். போலீஸிடம் அவளாகவே சொல்லிவிட்டாள்: "நான்தான் ஓட்டினேன். என் தப்புதான்."

இப்போது மாடியில்தான் இருக்கிறாள், அவளுடைய பழைய அறையில். பெட்டிகளை நானே போய்க் கொண்டுவந்துவிட்டேன். இப்போது கொஞ்சம் பேசுகிறாள். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் ஒரே கேள்விதான்.

"அண்ணா, நான் காலை எடுக்காம இருந்திருந்தா அவர் இருந்திருப்பார்ல?"

"யாரா இருந்தாலும் பயத்துல அப்படித்தான் பண்ணுவாங்க பாப்பா. தப்பு நடக்கறதுதான். நீ சாப்பிடு" என்பேன். தலையை வருடிக்கொடுப்பேன். சாப்பிடுவாள்.

நீங்கள் எழுத வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் வந்து இதையேதான் சொல்வேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், போகும்போது மாடிப்படிப் பக்கம் போகாதீர்கள். நீங்கள் பாட்டுக்கு ஏதாவது சொல்லிவைக்க, அவள் இங்கிருந்து கிளம்பிவிடுவாள். அவளுக்கென்று போக்கிடம் ஏது? இருப்பதே அவளுக்குத் தாங்க முடியாத பாரம், இதையும் ஏன் ஏற்ற வேண்டும்?

பிறந்ததிலிருந்து அவள் மனம் நோக நான் ஒரு காரியம் செய்ததில்லை.