பதினேழாம் நம்பர்

லீடர்: மேடம், திங்கட்கிழமை ரோல்கால் நோட்டு வேணும்.

ரைட்டர்: போச்சு. ட்ரில் மேடம் ரூமுக்கே வந்து நோட்டு கேக்குது.

மேடம்: நீங்க சும்மா இருங்க ரைட்டர். ஏய் சிடுமூஞ்சி, போலீஸ் ட்ரெய்னிங்குக்கு வந்த முதல் நாளே என்ன சொன்னேன்?

லீடர்: எதை வேணா கேளு, நோட்டை மட்டும் கேக்காதேன்னு.

மேடம்: அப்புறம்?

லீடர்: வேணும்.

ரைட்டர்: ஏம்மா, ஸ்குவாட் லீடர்னா நோட்டுல கையெழுத்துப் போடறதோட சரி. திருப்பிப் படிக்கிற வழக்கமே இங்க கிடையாது. எழுதுற நானே படிச்சதில்ல.

லீடர்: அதுல பொய் இருக்குண்ணே. காலை ஓட்டம் முடிஞ்சு முப்பத்தோரு பேரும் வந்தாச்சுன்னு இருக்கு. வந்தது முப்பது பேர். பதினேழாம் நம்பர், நம்ம நெட்டை, வரல.

மேடம்: நெட்டை கதை நேத்தே முடிஞ்சுது. ரோல்கால்ல இருந்தா. அப்புறம் வெளிய பாலத்துக்கிட்ட காலை உடைச்சுக்கிட்டுக் கிடந்தா. எப்படிப் போனா? சுவரேறிக் குதிச்சு ஓடியிருக்கா. ஓடுறவளை வீட்டுக்குத்தான் அனுப்ப முடியும். பன்னெண்டு மணிக்கு ஆர்டர்.

லீடர்: சுவரே ஏறல மேடம். வெளிய ஓடும்போதே பாதியில, அந்தப் பாலத்துக்கிட்ட பள்ளத்துல விழுந்தா. ரெண்டு மணி நேரம் கத்தியிருக்கா. புல்லு வெட்ட வந்தவர் பார்க்கலேன்னா...

மேடம்: அப்ப அவ நம்பரைச் சொன்னது யாரு? பனியில எதிர்ல நிக்கிற மூஞ்சி தெரியல. ஒண்ணுலேர்ந்து முப்பத்தொண்ணு வரைக்கும் வரிசையாக் கேட்டேன். பதினேழும் வந்துச்சு.

லீடர்: யாரோ குரல் கொடுத்திருக்காங்க.

மேடம்: யாரோவா?

லீடர்: ஒருத்தி குறைஞ்சா மொத்த ஸ்குவாடும் மறுபடி பத்து கிலோமீட்டர் ஓடணும்னு சட்டம் வச்சது நீங்கதானே? ரெண்டு பேருக்குப் பாதம் கிழிஞ்சு ஷூவுக்குள்ள ரத்தம். நெட்டை எப்பவும் கடைசிதான், மெதுவா வந்து சேர்ந்துக்குவான்னு நினைச்சு...

ரைட்டர்: நினைச்சு?

லீடர்: ...நினைச்சிருப்பாங்க.

மேடம்: சரி. அந்த மகராசி பேரைச் சொல்லு. இப்பவே நோட்டைத் திருத்துறேன்.

ரைட்டர்: மேடம், டீ ஆறுது.

மேடம்: ஆறட்டும். ...நீ ஏன் கால் மாத்தி கால் மாத்தி நிக்கிற? கடிகாரத்தை எத்தனை தடவைதான் பார்ப்ப?

லீடர்: பத்தாகப் போகுது.

மேடம்: பத்தானா உனக்கென்ன? இன்னும் ஒன்பது நாள்ல பரேடு. வாள் பிடிச்சு முன்னாடி நடக்கப் போறவ நீ. உங்கம்மா நேத்து போன் பண்ணாங்க, தெரியுமா?

லீடர்: எதுக்கு?

மேடம்: உட்கார இடம் இருக்குமா, நின்னுக்கிட்டுத்தான் பார்க்கணுமான்னு கேட்டாங்க. முதல் வரிசையிலயே நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்.

லீடர்: ...அம்மாவை இழுக்காதீங்க மேடம்.

மேடம்: இழுக்கல. ஞாபகப்படுத்துறேன். உங்க வம்சத்துலயே காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நீ. எவளுக்காகவோ...

லீடர்: நெட்டை வீட்டுலயும் அவதான் முதல் ஆளு. எங்கம்மா என்ன ஏதுன்னு தெரியாம வச்ச ஒரு கைநாட்டுல குடியிருந்த வீடே போச்சு. அந்த ஆத்திரத்துலதான் என்னைப் படிக்க வச்சாங்க. நான் நல்லாப் படிச்சு, தெரிஞ்சே, பொய்க்குக் கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன்.

ரைட்டர்: மெதுவாம்மா. ஜன்னல் திறந்திருக்கு.

லீடர்: இருக்கட்டும்.

மேடம்: ஆஸ்பத்திரிக்குப் போனியே, நெட்டை என்ன சொன்னா?

லீடர்: யாரு குரல் கொடுத்தாங்கன்னு தெரியாதுன்னா. கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கிட்டே சொன்னா. என் மூஞ்சியைப் பார்க்கல.

மேடம்: பாரு, அவளுக்கே புரியுது. உனக்குத்தான் புரியல. இந்த நோட்டு வெளிய போனா நீ போவ. நானும் பதில் சொல்லணும். பதினெட்டு வருஷ சர்வீஸ்.

லீடர்: நீங்க எதுக்கு மேடம் பதில் சொல்லணும்? உங்களுக்குத்தான் எதுவும் தெரியாதே.

ரைட்டர்: நான் வேணா கொஞ்சம் வெளிய நின்னு...

மேடம்: உட்காருங்க.

லீடர்: பதினேழு எங்கேர்ந்து வந்துச்சு மேடம்? நடு வரிசையிலேர்ந்தா?

மேடம்: போதும்.

லீடர்: ஓரத்துலேர்ந்து வந்துச்சு. லீடர் நிக்கிற ஓரத்துலேர்ந்து.

மேடம்: ...தொண்டையைக் கட்டையாக்கிக்கிட்டா ஆளு மாறிடுமா? ஒன்பது மாசமா விடிஞ்சா கேக்குற குரல். ‘ஒண்ணு’ன்னு சொன்ன அதே வாயி. அந்த நிமிஷமே தெரிஞ்சுது. இந்த வருஷமாவது ஷீல்டு நம்ம ஸ்குவாடுக்கு வரட்டும்னு விட்டேன். போதுமா? போய் பரேடு டிரஸ்ஸை இஸ்திரி போடு. பேசினது இந்த நாலு சுவத்தோட இருக்கட்டும்.

லீடர்: இருக்காது மேடம். குரல் கொடுத்தது நான்தான்னு காலைல ஏழு மணிக்கே நம்ம காலேஜ் முதல்வர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன்.

ரைட்டர்: அடிப்பாவி.

மேடம்: அப்புறம் எதுக்குடி இங்க வந்து நோட்டு கேட்ட?

லீடர்: பத்து மணிக்கு நோட்டோட வரச் சொல்லியிருக்கார். உங்களைப் பத்தி அதுல எழுதல. கடைசியில ஒரு வரி இடம் விட்டிருக்கேன். நோட்டை நீங்களே எடுத்துட்டு வந்து உங்க வாயால சொன்னா, அந்த இடம் அப்படியே இருக்கட்டும். இல்லேன்னா அவர் முன்னாடியே அதை நிரப்பிடுவேன். ...ரைட்டர் அண்ணே, உங்க பேனாவை எடுத்துக்கிறேன்.

ரைட்டர்: அது சரியா எழுதாதும்மா...

லீடர்: ஒரு வரிதானேண்ணே, எழுதும்.

மேடம்: ஏய், நில்லு. நில்லுன்னு சொல்றேன்ல. அதுல என்னன்னு எழுதுவ?

லீடர்: என் மூஞ்சிக்கு நேரா டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் பதினேழுக்கு டிக் போட்டீங்கன்னு.