அரைப் பார்வைக்குச் சலுகை இல்லை

ஏலக்காய் எஸ்டேட்டில் வெந்நீருக்கு என்றைக்குமே பஞ்சம் கிடையாது. காய் உலர்த்தும் ஸ்டோரில் இராப்பகலாக அடுப்பு எரியும். அதன் மேலேயே ஓர் அண்டாவை ஏற்றி வைத்திருப்பார்கள். பஞ்சு நனைக்க, புண் கழுவ, ஊசி கொதிக்க வைக்க எல்லாவற்றுக்கும் மருந்தறைக்கு அங்கிருந்துதான் வெந்நீர் வரும். எனக்கு அது இன்னொரு காரியத்துக்கும் உதவியது.

இதையெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கில்லை, சொன்னால் எனக்கே எதிராகப் போகும் என்று முதலிலேயே எடுத்துச் சொன்னீர்கள், ஐயா. மாஜிஸ்திரேட் என்றால் அதட்டுவார் என்று நினைத்திருந்தேன். நீங்கள் தண்ணீர்கூடக் கொடுத்தீர்கள். என் பெயர் யோசேப்பு. போடிமெட்டுக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டில் கம்பவுண்டர். டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை மலையேறினால் உண்டு. மற்ற நாளெல்லாம் அங்கே காய்ச்சலுக்கும் பேதிக்கும் பிரசவத்துக்கும் நான்தான்.

எஸ்டேட்டில் ஒரு விதி இருக்கிறது. காய்ச்சல் நூற்றியொரு டிகிரி இருந்தால்தான் சீக்குச் சீட்டு. சீட்டு கிடைத்தவர்கள் வீட்டில் படுத்திருக்கலாம், அரைக்கூலியும் உண்டு. நூறு என்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். மொக்கம்மாள் என்று ராசிங்காபுரத்துக்காரி ஒருத்தி, அடைமழையில் நடுங்கிக்கொண்டே மருந்தறைக்கு வந்தாள். கால் நெடுக அட்டை கடித்த ரத்தம். தெர்மாமீட்டர் நூறு காட்டியது. "கம்பவுண்டரய்யா, இன்னைக்கு ஒரு பொழுதுக்கு விடச் சொல்லுங்க, நிக்க முடியல" என்றாள். விடச் சொல்ல நான் யார்? மேனேசர் முகத்தைப் பார்க்க மாட்டார், தெர்மாமீட்டர் கோட்டைத்தான் பார்ப்பார். நான் தெர்மாமீட்டரை வெந்நீரில் லேசாகக் காட்டி எடுத்தேன். நூற்றிரண்டு. மொக்கம்மாள் போய்ப் படுத்தாள், பிழைத்தாள்.

அதன்பிறகு எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்திருக்கிறேன். ஒருவருக்கும் கெடுதல் வரவில்லை. விதியை நம்மைப் போன்றவர்கள் அசைக்க முடியாது, ஐயா. ஆளைத்தான் கொஞ்சம் நகர்த்தி விதிக்குள் வைக்க வேண்டும். நான் வாழ்க்கையில் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

தானியேல் எனக்கு ஒரே மகன். சிறு வயதில் அம்மை போட்டு இறங்கியபோது இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. இடது கண் முழுக்க வெள்ளை. வலது கண்ணில் ஓரமாக ஒரு கீற்று மட்டும் தெளிவாக நின்றது. அந்தக் கீற்றைக் கொண்டுதான் அவன் உலகத்தைப் பார்த்தான். தலையைச் சாய்த்து, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் படிப்பான். போடிப் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு 'மூக்கால படிக்கிறவன்' என்று பேர். அதில் அவனுக்குக் கோபமே கிடையாது. "மூக்கு பின்ன எதுக்குப்பா இருக்கு, சளி பிடிக்க மட்டுமா?" என்பான்.

வீட்டில் இருக்கிற நாளெல்லாம் காலையில் நான்தான் அவன் கண்ணைக் கழுவி மருந்து விடுவேன். பல் தேய்த்த கையோடு மருந்தறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக்கொள்வான். கூப்பிட வேண்டியதில்லை. என் கை நடுங்காது என்று எஸ்டேட் முழுக்கப் பேர். அவன் விஷயத்திலும் நடுங்கியதில்லை.

மதுரையில் ஒரு கல்லூரியில் இன்டர்மீடியட்டுக்கு இடம் கிடைத்தது. அந்தக் கல்லூரியை நான் குறை சொல்ல மாட்டேன். பிரின்சிபால் தங்கமான மனிதர். வகுப்பில் முதல் பெஞ்சு கொடுத்தார். ஹாஸ்டலில் கிழக்கு வெளிச்சம் வருகிற அறையைக் கொடுத்தார். கரும்பலகையில் எழுதுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று வாத்தியார்களுக்கு உத்தரவு போட்டார். கல்லூரிக்குள் நடக்கிற பரீட்சைகளில் சன்னலோர இடமும் கூடுதல் நேரமும் உண்டு. அவற்றிலெல்லாம் தானியேல் முதல் ஐந்து பேருக்குள் வந்தான். ஆனால் கடைசிப் பரீட்சையை நடத்துவது பல்கலைக்கழகம். அங்கே நம்பர்படிதான் இடம். ஐம்பத்துநாலு மார்ச்சில் அவனுடைய நம்பர் பெரிய ஹாலின் நடுவில் விழுந்தது. மழைக்காலத்து மருந்தறை மாதிரி மங்கலான ஹால். கேள்வித்தாளில் எழுத்து எள்ளு எள்ளாக இருந்தது. கேள்வியைப் படித்து முடிக்கவே அவனுக்குப் பாதி நேரம் போனது. எழுதிய பாதி சரியாகத்தான் இருந்திருக்கும். எழுதாத பாதிக்கு யார் மார்க் போடுவார்கள்? செப்டம்பரில் மறுபடி எழுதினான். அதே ஹால், அதே கதை.

பிரின்சிபால் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டார். முழுக் குருடர் என்று சர்க்கார் கண் டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் தனி அறை, கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதித்தர ஓர் ஆள், எல்லாம் உண்டு. பார்வை உள்ளவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. "என்ன செய்யிறது யோசேப்பு, அரைப் பார்வைக்கு ரூல்ல எடமே இல்ல. நானும் விடாம எழுதிப் பாத்துட்டேன்" என்று நெற்றியைத் தடவிக்கொண்டார். பி.ஏ. வகுப்பில் அவனுக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். வருகிற மார்ச்சிலும் தவறினால் அது போய்விடும் என்றார். அதன்பிறகு அவன் மலையோடு கிடக்க வேண்டியதுதான். மலையில் அவனுக்கு என்ன சோலி இருக்கிறது? ஏலக்காய் பொறுக்கக்கூட நல்ல கண் வேண்டும்.

முதலில் நான் வெந்நீர் வழியைத்தான் யோசித்தேன். கண் டாக்டரிடம் போகும்போது தானியேலிடம், "அப்பு, அவரு எதைக் காட்டினாலும் தெரியலைன்னு சொல்லிரு. ஒரே ஒரு தடவை" என்றேன்.

"பொய் சொல்லவாப்பா?"

"பொய் இல்ல. நூறை நூத்திரெண்டு ஆக்குறது."

சிரித்தான். அந்தக் கதை அவனுக்குத் தெரியும். டாக்டர் விரல்களைக் காட்டியபோது தெரியவில்லை என்றே சொன்னான். டாக்டர் டார்ச்சைப் போட்டு இப்படியும் அப்படியும் நகர்த்தினார். அவன் கண் அதன் பின்னாலேயே போனது. வாய்க்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், கண்ணுக்குச் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "இருக்கிற பார்வைய இல்லைன்னு நான் எப்படிங்க எழுதுறது? இருக்கேன்னு சந்தோசப்படுங்க" என்று அனுப்பிவிட்டார்.

"போகட்டும்ப்பா. கொஞ்சம் வெரசா எழுதப் பழகிக்கிறேன்" என்றான் தானியேல். பரீட்சை வரைக்கும் எங்களோடு மலையில் இருந்து பழகவும் செய்தான். காலை வெயிலில் உட்கார்ந்து எழுதி எழுதிப் பார்ப்பான். எழுந்து வரும்போது மூக்கு நுனியில் மை ஒட்டியிருக்கும், கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருக்கும். என் மனைவி ஜெயபாக்கியம் சேலைத் தலைப்பால் அந்த மையைத் துடைத்துவிட்டுச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. எவ்வளவு வெரசாக எழுதினாலும் அந்தக் கண்ணால் முடியாது என்று எனக்குத் தெரியும், ஐயா. தெரிந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் புரியும்.

முழுக் கண் இருந்தால் எல்லோரையும் போல எழுதிவிடுவான். கண்ணே இல்லையென்றால் சொல்லி எழுத வைத்துவிடுவான். பாதிக் கிணறு தாண்டியவன்தான் கிணற்றுக்குள் விழுவான். அந்தக் கீற்றுதான் அவனுக்கு எதிரி என்று எனக்குப் பட ஆரம்பித்தது. பட்டபிறகு வேறு ஒன்றும் படவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் ஒரு காலை. ஜெயபாக்கியம் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். தானியேல் வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கினான். நான் மேல்தட்டிலிருந்து ஒரு சீசாவை எடுத்தேன். அதில் என்ன இருந்தது என்று டாக்டர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். கண்ணுக்கான மருந்து இல்லை. வலது கண் இமையை நானே விரித்துப் பிடித்து அதை விட்டேன்.

"அப்பா, இன்னைக்கு என்ன இப்படி எரியுது?"

"கொஞ்சம் எரியத்தான் செய்யும், அப்பு. அசையாம இரு."

அசையாமல்தான் இருந்தான். முக்காலியின் விளிம்பை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு கட்டுப் போட்டேன். மறுநாள் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது கீற்று கொஞ்சம் மிச்சமிருந்தது. டார்ச் வெளிச்சத்துக்குக் கண் அசைந்தது. அரைகுறையாக விட்டால் பழையபடி அதே தொல்லைதான். அதனால் இன்னொரு தடவை விட வேண்டியிருந்தது. அதற்கும் முகத்தைத் தூக்கிக் காட்டினான், ஐயா. எனக்கு அழுகை வந்தது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகுதான் அழுதேன். நடுவில் அழுதால் கை ஆடிவிடும், பக்கத்துத் தோலெல்லாம் வெந்துவிடும்.

பூ வளர்ந்து மூடிவிட்டது என்று ஜெயபாக்கியத்திடம் சொன்னேன். அவள் என்னை நம்பினாள். கண் புண் ஆறுகிற வரைக்கும் காத்திருந்து அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். "போன தடவை இருந்துச்சே?" என்று வெகுநேரம் பார்த்தார். அவரிடமும் பூவைத்தான் சொன்னேன். ஏழைகளின் கண்ணில் எதுவும் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். சர்டிபிகேட் கொடுத்தார். பல்கலைக்கழகத்தின் அனுமதியும் வந்தது. கேட்டதில் ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

பரீட்சையன்று தனி அறை. மேலே விசிறி. எழுதித்தர வெள்ளைத்துரை என்று ஒரு குமாஸ்தா, பொறுமைசாலி. நானும் ஜெயபாக்கியமும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். நடந்ததை வெள்ளைத்துரைதான் பிறகு வந்து சொன்னார். கேள்விகளை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டியிருக்கிறார். தானியேல் வாயைத் திறக்கவில்லை. "தம்பி, தெரிஞ்சதச் சொல்லுங்க, எழுதுறேன்" என்று கெஞ்சியிருக்கிறார். ரொம்ப நேரம் கழித்து, "சன்னல் எந்தப் பக்கம்ண்ணே இருக்கு?" என்று கேட்டானாம். இவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறார். மணியடிக்கிற வரைக்கும் சன்னல் பக்கமாக முகத்தை வைத்து உட்கார்ந்திருந்திருக்கிறான். தாளை வெறுமையாகவே வாங்கிக்கொண்டார்கள். மற்ற பரீட்சைகளுக்கு அவன் எழுந்து வரவே இல்லை.

பழக்கம் இல்லாததுதான் காரணம். இத்தனை நாளும் கையால் எழுதியவன் திடீரென்று வாயால் எழுது என்றால் திணறத்தான் செய்வான். செப்டம்பர் இருக்கிறது. பி.ஏ. இடத்தைக் கொஞ்சம் தள்ளிக் கேட்டுப் பார்க்கலாம். முழுக் குருடனுக்குக் கொடுத்த அனுமதியை யாரும் திரும்பப் பிடுங்க மாட்டார்கள். அவனுக்கு இனி அந்தக் கவலை ஆயுசுக்கும் இல்லை.

ஊருக்குத் திரும்புகிற ரயிலில்தான் ஜெயபாக்கியத்துக்குத் தெரிந்தது. ஆண்டிபட்டியில் நான் இறங்கித் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏறினேன். நான் வந்து நிற்பதை அவன் அறியவில்லை.

"அன்னைக்கு விட்டது வேற மருந்தும்மா. வாசனையே வேற."

"தெரிஞ்சுமா மறுநாளும் மூஞ்சியத் தூக்கிக் காட்டுன?"

"அப்பா கையிதானேன்னு இருந்துட்டேம்மா."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரை நீட்டினேன், வாங்கவில்லை. என்னைப் பற்றி அவள் உங்களிடம் சொன்னதையெல்லாம் நான் மறுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தடுக்கவில்லை. ஆக, இது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு என்றுதான் நான் வைத்திருக்கிறேன்.

வீடு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் பஞ்சும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். பார்வை போனாலும் கண்ணைக் கழுவாமல் விடக்கூடாது, பீளை கட்டிவிடும். என் காலடிச் சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டான். "அப்பு, வெறும் தண்ணிதான்" என்றேன். கையை எடுக்கவில்லை. விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். அவனுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அதற்குள் ஏலக்காய் லோடு ஏற்றிய ஜீப்பு வந்துவிட்டது. ஜெயபாக்கியம் அவனைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு போய் ஏறிக்கொண்டாள். ஜீப்பு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதும் அவன் கையை எடுக்கவில்லை.

நீங்கள் அவனை விசாரிப்பீர்கள் அல்லவா, ஐயா? நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். அந்தக் கண்ணில் இனிக் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை என்று பிள்ளைக்கு இன்னும் புரியவில்லை.